கூட்டு முட்டை

செப்டம்பர் 2, திங்கள்

கைடு பதிப்பாளர் பொன்னுரங்கம் காலையில் அழைத்தார். நான் எழுதிக் கொடுத்த 'ஆங்கில மரபுத்தொடர்கள் ஐந்நூறு' இரண்டாம் பதிப்புக்குப் போகிறதாம். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன் செய்யக்கூடிய பாவங்களில் அது சிறியது. முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்ததற்குக் காரணம் ஆங்கிலத்தின் மேல் மக்களுக்குள்ள காதல் அல்ல. நாமக்கல் மாவட்டத்தில் அரசுத் தேர்வு எழுதாத ஜீவன் கோழி மட்டும்தான்.

"பிழை ஏதாச்சும் இருந்தாத் திருத்திக் குடுங்க சார்."

"என் கைப்பிரதியில் பிழை கிடையாது."

"முன்னூத்திப் பன்னெண்டாம் நம்பரக் கொஞ்சம் பாருங்க. ராசிபுரத்துல இருந்து ஒரு பையன் போன் பண்ணி என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான்."

பார்த்தேன். 'நெஸ்ட் எக்: முட்டைக் கூட்டு. எதிர்காலத் தேவைக்காகச் சேர்த்து வைப்பது' என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதியது 'கூட்டு முட்டை', அதாவது கூட்டில் இருக்கும் முட்டை. கணினியில் அச்சுக்கோத்த அமலா, சொற்கள் இடம் மாறிவிட்டன என்று கருதிச் சரிசெய்திருக்கிறாள். என் பிழையைத் திருத்திவிட்ட திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போயிருப்பாள். முட்டைக் கூட்டை எதிர்காலத்துக்கு வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த ராசிபுரத்துப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

பால் இரண்டு பாக்கெட். தயிர் மிகுதி.

செப்டம்பர் 5, வியாழன்

பொன்னுரங்கத்துக்கு விளக்கக் குறிப்பு அனுப்பினேன். நகல் இது:

'கூட்டு என்ற சொல்லுக்கு உள்ள பொருள்கள்: வீட்டைப் பெருக்குவது. எண்களைக் கூட்டுவது. காயும் பருப்பும் சேர்ந்து தம் தனித்தன்மையை இழந்த பதார்த்தம். பலர் சேர்ந்து நடத்தி ஒருவர் நஷ்டப்படும் தொழில். வட்டிக்கு வட்டி. கடைசியாக, கூடு என்பது இன்னொரு சொல்லோடு சேரும்போது எடுக்கும் வடிவம், கூட்டுப்புழுவில் வருவதுபோல. நம் முட்டைக்குரியது இந்தக் கடைசிப் பொருள் மட்டுமே. இச்சொல்லுக்கு இவை தவிர வேறு பொருள் இல்லை.'

பொன்னுரங்கம் பதில் அனுப்பினார்: 'சரி சார். பேசாம சேமிப்புன்னு போட்டுரலாமா?'

போடக்கூடாது. பொருள் மட்டும் தெரிந்து என்ன பயன்? பிறந்த கதையும் வேண்டும். இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு தொடருக்காவது முழு விளக்கம் எழுதப்போகிறேன்.

பால்காரர், "அம்மா எப்பங்க வர்றாங்க?" என்றார். அடுத்த மாதம் என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாலையில் புனேயிலிருந்து சம்பூரணம் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அழைப்பது வழக்கம். போன வருடம் ஆடியில் மகள் மேகலாவின் பிரசவத்துக்குப் போனவள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நின்றது. குப்புற விழட்டும் என்றாள், விழுந்தது. தவழ்ந்து முடித்து இப்போது பேரன் நடக்கிறான். அடுத்தது பேச்சு என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் சிலருக்கு அது தாமதமாகத்தான் வரும்.

"உங்கூட்டுல மழைங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. நேற்று மேகம் மட்டும்."

"இட்லித் தட்டக் கூரியர்ல போட்டு உடுங்க. இங்க கெடைக்கறது குழியே இல்லாம இருக்குது."

மொழி பற்றி ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் 'எங்கள் வீட்டில்' என்பதை 'எங்கூட்டுல' என்பார்கள். உள்ளே இருப்பது வீடுதான். ஆனால் காதுக்குக் கூடு என்றே கேட்கும். கல்யாணமான புதிதில் இதை நான் சம்பூரணத்துக்குத் திருத்தினேன். பிறகும் திருத்தினேன். அவள் வழக்கமாகச் சொல்வது 'நம்மூட்டுல' என்று. இன்று 'உங்கூட்டுல' என்றாள். முன்னிலைக்கும் தன்மைக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான். இலக்கணப்படி இரண்டும் சரி.

செப்டம்பர் 11, புதன்

இட்லித் தட்டுகளை அனுப்பினேன். இதற்கு முன் போனவை: படிக்கும் கண்ணாடி, தையல் பெட்டி, இரண்டு சுங்குடிப் புடவை, காபி வடிகட்டி. கூரியர் கடைப் பெண் என்னை வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "புனேல கட போட்டிருக்கீங்களா சார்?" என்றாள். கிளை என்றேன்.

இனி இட்லி கிடையாது. தட்டு இல்லாததால் மட்டும் அல்ல, மாவும் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

"தட்டு வந்துருச்சுங்க. அப்பறம் அந்த முறுக்கு அச்சு. பித்தளை அச்சு. தீவாளி வருதில்ல, இங்க மருமகப்புள்ளைக்கு முறுக்குன்னா உசுரு."

"தேடிப் பார்க்கிறேன்."

"தேடற எடத்துல எல்லாம் இல்ல. மேல் தட்டுல இருக்கும்."

"பார்க்கிறேன்."

அந்தப் பக்கம் பேரன் எதையோ கீழே போட்டான். நல்ல சகுனமான சத்தம். "வெச்சுரட்டுங்களா?" என்றாள்.

செப்டம்பர் 16, திங்கள்

அச்சு சமையலறை மேல் தட்டில், இரண்டாவது டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நன்றாகத் தேடவேண்டும்.

நெஸ்ட் எக் விளக்கத்தின் முதல் வரைவு:

'இங்கிலாந்தில் கோழி வளர்த்தவர்கள் முட்டைகளை எடுக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடமாட்டார்கள். கூட்டைக் காலியாகக் கண்டால் கோழி வேறிடம் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒன்றை விட்டுவைப்பார்கள். ஒன்றை விடவும் மனமில்லாதவர்கள் பீங்கானில் பொய் முட்டை செய்து வைத்தார்கள். அதைப் பார்த்த கோழி, இது நம் வீடுதான் என்று நம்பி, அங்கேயே வந்து மேலும் முட்டையிட்டது. முதலில் வைத்த ஒன்று பிறவற்றை வரவழைக்கும் என்பதால், பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் சேமிப்புக்கு இந்தப் பெயர் வந்தது.'

கவனிக்கவேண்டியது: சேமிப்பைப் பற்றி ஆங்கிலத்தின் மிக உயர்ந்த சொல், ஒரு பறவையை ஏமாற்றுவதில் பிறந்திருக்கிறது. வங்கி விளம்பரம் எழுதுபவர்கள் இதை வாசிப்பதில்லை.

இன்னொரு தொடர் உண்டு, மழை நாளுக்காகச் சேமிப்பது. அதை நான் ஐந்நூறில் சேர்க்கவில்லை. இந்த ஊரில் மழை நாளுக்கு யாரும் பயந்து சேர்த்து வைப்பதில்லை. மழை வந்தால் வாசலுக்கு வந்து நின்று பார்க்கிறோம்.

செப்டம்பர் 19, வியாழன்

பொய் முட்டையை இங்கே யாராவது பயன்படுத்துகிறார்களா என்று அறிய, மோகனூர் சாலையில் செல்லக்குமாரின் கோழிப்பண்ணைக்குப் போனேன். என்னிடம் படித்தவன். ஆங்கிலத்தில் இருமுறை தோற்றான். இப்போது அவனிடம் நாற்பதாயிரம் கோழிகள்.

"கூட்டுல முட்டை வைக்கிறதுங்களா ஐயா? இங்க கூடே இல்லீங்களே. கூண்டுதானுங்க."

காட்டினான். கம்பித் தரை முன்பக்கம் சரிந்திருக்கிறது. இட்டவுடன் முட்டை உருண்டு வெளித் தட்டுக்கு வந்துவிடுகிறது. கோழி திரும்பிப் பார்ப்பதற்குள் முட்டை கோழிக்குச் சொந்தமில்லை.

"அப்போது கோழி எதை நம்பி இடுகிறது?"

"நம்பறதா? தீனி போடறோம், லைட்டுப் போடறோம், இடுதுங்க." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஐயா, நீங்க ஒத்தையில இருக்கறீங்கன்னு சொன்னாங்க. அம்மா எப்பங்க வர்றாங்க?"

"அடுத்த மாதம்."

"அதுவரைக்கும் இதச் சாப்புடுங்க" என்று ஓர் அட்டை முட்டை கொடுத்துவிட்டான். முப்பது. உலகத்தில் அதிக முட்டையும் குறைந்த கூடும் உள்ள ஊர் இதுவாக இருக்கலாம். புள்ளிவிவரம் என்னிடம் இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

முட்டை. தயிர்.

செப்டம்பர் 22, ஞாயிறு

"அச்சு கெடைச்சுதுங்களா?"

"இல்லை."

"மேல் தட்டுல பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

இரண்டு பதில்களில் ஒன்று உண்மை. தேர்வில் இதற்கு ஐம்பது சதவீதம், தேர்ச்சி.

"சரி, பரவால்ல உடுங்க" என்றாள். இந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு முறை தேடச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 25, புதன்

அச்சை எடுத்துத் துடைத்தேன். நட்சத்திர வில்லையில் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியின் மாவு காய்ந்திருக்கிறது. அதைத் துடைக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

அழைப்பு வரவில்லை. தொலைபேசியில் சார்ஜ் நூறு சதவீதம்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. விளக்கத்தின் இரண்டாம் வரைவில் ஒரு சிக்கல். பயிற்சிக் கேள்வி ஒன்று தயாரித்தேன்: 'பொய் முட்டையை வைப்பவர் யார்? ஏமாறுபவர் யார்?' வைப்பவர் கோழியின் சொந்தக்காரர், ஏமாறுவது கோழி. எளிய கேள்வி.

ஆனால் போன வருடம் கிளம்பும் நாளன்று ஆட்டோவில் ஏறிய பிறகு சம்பூரணம் சொன்னது நினைவுக்கு வருகிறது. "அச்ச மேல வெச்சிருக்கறனுங்க. தீவாளிக்கு வந்து முறுக்குச் சுட்டுக்கலாம்." அதை நம்பி நான் அந்தத் தீபாவளிக்கு அரிசி மாவு அரைத்து வைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு பாக்கெட் பால் வாங்குகிறேன். தினமும் அந்த மேல் தட்டைப் பார்த்துவிட்டு, இது நம் வீடுதான் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியானால் இந்த வீட்டில் கோழி யார் என்ற கேள்வி எழுகிறது. பயிற்சிக் கேள்வியை நீக்கிவிட்டேன். மாணவர்களுக்குக் கடினம்.

அக்டோபர் 6, ஞாயிறு

மேகலா அழைத்தாள். சம்பூரணம் குளித்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்பா, அந்த அச்சத் தேட வேண்டாம். அம்மா இங்கயே ஒண்ணு வாங்கிட்டாங்க. ஸ்டீல்ல. அப்பார்ட்மென்ட்ல எல்லாரும் கேக்கறாங்கன்னு நேத்தே ஒரு ஈடு சுட்டாச்சு."

"நல்லது."

"அப்பா..."

"சொல்லு."

"அம்மா வந்தப்ப மூணு மாசம்னுதான் வந்தாங்க. நீங்க ஏன் ஒருவாட்டிகூட எப்ப வர்றேன்னு கேக்கல?"

"கேட்டால் போகச் சொல்வதுபோல உனக்குத் தோன்றும். குழந்தை சின்னது."

"எனக்குத் தோணறத உடுங்க. அம்மாவுக்கு என்ன தோணுச்சுன்னு தெரியுமா? 'உங்கப்பாவுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். பேசுனாத் திருத்துவாரு, பேசலீன்னாப் படிப்பாரு'ன்னு சொன்னாங்க."

நல்ல வாக்கியம். எதிர்நிலை அமைந்திருக்கிறது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஸ்டீல் அச்சு வந்த பிறகு பித்தளை அச்சை இங்கே வைத்திருப்பதில் பொருளில்லை. கூரியர் கடைக்கு எடுத்துப் போனேன்.

"உடையற பொருளுங்களா சார்?"

"பித்தளை."

"மதிப்பு என்ன போடட்டும்?"

அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவர் செருமினார். அச்சு கொள்ளும் அளவில் அவர்களிடம் பெட்டி இல்லை என்பதால் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பெரிய பெட்டிகள் இருந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பேனா, அகராதி, முறுக்கு அச்சு மூன்றுக்கும் பொட்டு வைத்தேன். பொரி வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலே இரண்டு பேருக்கு அளந்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாலைவரை காத்திருக்காமல் காலையில் நானே அழைத்தேன். இதுவரை அழைத்ததெல்லாம் அவள்தான் என்பது எண்ணை அழுத்தும்போதுதான் தெரிந்தது.

"ஏனுங்க! ஒடம்புக்கு என்னங்க?"

"ஒன்றுமில்லை."

"பின்ன எதுக்குக் கூப்புட்டீங்க?"

"அச்சு கிடைத்துவிட்டது."

"எங்க இருந்துச்சு?"

"மேல் தட்டில். இரண்டாவது டப்பாவுக்குப் பின்னால்."

"நான் அங்கதான வெச்சுட்டு வந்தேன்?"

"ஆமாம்."

"அப்பறம் தேடுனப்ப எங்க போயிருந்துச்சு?"

"அப்போதும் அங்கேதான் இருந்தது."

அவள் பக்கம் குக்கர் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இருக்கறத எதுக்கு இல்லைன்னு சொன்னீங்க?" என்றாள். கோபம் இல்லை. சந்தேகம் கேட்கும் மாணவியின் குரல்.

என் கையில் ஐந்நூறு தொடர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகியவற்றோடு. ஒன்றும் வரவில்லை.

"நீ வரோணும்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"வரவேண்டும் என்று சொன்னேன்."

"அது இல்லீங்க. மொதல்ல சொன்னதச் சொல்லுங்க."

"வரோணும்."

அதற்குள் பேரன் வந்து தொலைபேசியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறான். "இரு சாமி, தாத்தா பேசறாரு" என்றாள். பிறகு என்னிடம்:

"போன வருசம் ஆடியில வந்தவ. இங்க எதிர்த்தூட்டு மராட்டிக்காரம்மா கேக்குது, உங்க ஊர்ல பொண்டாட்டி மக ஊட்டுக்குப் போனா புருசன் வந்து கூட்டிட்டுப் போற பழக்கம் இல்லியான்னு. என்னத்தச் சொல்லறது? அவருக்குப் புஸ்தகம் எழுதற வேலைன்னு சொன்னேன்."

"மூன்று மாதத்தில் வருகிறேன் என்றது நீதான்."

"ஆமா, சொன்னேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சுச் சொன்னேன். தன்னால பெட்டியத் தூக்கிட்டு வந்து கதவத் தட்ட நான் என்ன பேப்பர்காரனா?"

"வந்தால் வருவாயா?"

"வாங்க. வந்து நாலு நாளைக்கு இங்க இருங்க. என்னையத் திருத்தாம இருங்க. அப்பறம் பாக்கலாம்."

"சரி."

"சரின்னு சொல்றதுக்கும் புஸ்தகத்தப் பாத்தீங்களா?"

"இல்லை." பிறகு கேட்டேன், "அச்சை எடுத்து வரட்டுமா?"

"எதுக்கு? அதான் இங்க ஒண்ணு இருக்குதே" என்றாள். பிறகு, "அது நம்மூட்டுலயே கெடக்கட்டும்."

நம்மூட்டுல. தொலைபேசி தெளிவாக இருந்தது. குக்கரும் அணைந்திருந்தது. சரியாகத்தான் கேட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

பொன்னுரங்கத்துக்குத் திருத்தம் அனுப்பினேன்.

'கூட்டு என்ற சொல் பற்றி நான் அனுப்பிய குறிப்பில் ஒரு பிழை உள்ளது. இன்னொரு பொருளும் உண்டு: கூட்டிக்கொண்டு போவது. பெரும்பாலும் ஓர் ஆள் நேரில் போய்ச் செய்யவேண்டிய வினை. விடுபட்டதற்கு வருந்துகிறேன்.'

அவர் அழைத்தார். "சார், நெஸ்ட் எக்குக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"யோசித்துப் பாருங்கள்."

"யோசிச்சுட்டேன் சார். சேமிப்புன்னே போட்டுர்றேன்."

"போடுங்கள்" என்றேன். "நெசமாவா சார்?" என்றார். முப்பது வருடப் பழக்கத்தில் நான் அவரைத் திருத்தாமல் விட்ட முதல் வாக்கியமாக இருக்கும். பயிற்சி எங்காவது தொடங்கவேண்டும்.

அக்டோபர் 16, புதன்

பெட்டி எடுத்து வைத்தேன். வேட்டி, சட்டை, மாத்திரை, பேரனுக்கு மர வண்டி. அகராதியை உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

சேலத்திலிருந்து மாலை ரயில். டிக்கெட் எனக்குப் போவதற்கு மட்டும். திரும்புவதற்கு எத்தனை என்று இணைய மையத்துப் பெண் கேட்டாள். அங்கே போய் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

பாலை நிறுத்தச் சொன்னேன். பால்காரர், "வந்ததுக்கு அப்பறம் ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?" என்றார். இவ்வளவு காலமாக யார் கேட்டாலும் அடுத்த மாதம் என்று உறுதியாகச் சொல்லிவந்த நான், "தெரியலீங்க" என்றேன். அவர் சைக்கிளை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மிச்சத் தயிரைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. வீட்டைக் கூட்டினேன். சமையலறையைக் கடைசியாக. மேல் தட்டை எட்டிப் பார்த்தேன். பூஜைப் பொட்டோடு, இரண்டாவது டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

எடுக்கவில்லை. ஒன்றை விட்டுவைத்துத்தான் போகவேண்டும்.